நோர்வே செல்ல உகந்த மாதம்

லாசால் என்ற ஊரில் ஓய்வூதியத்தில் இருக்கிறேன். முப்பது வருடம் மற்றவர்களின் விண்ணப்பங்களில் பிழை பிடித்தவன். சில வருடங்களுக்கு முன், மனைவியை இழந்திருந்த என் தம்பி வட நோர்வேயிலிருந்து நவம்பரில் தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணை, இனி ரெண்டு மாசத்துக்குச் சூரியனே வராது. தனிய இருக்கேலாமல் கிடக்கு. ஒருக்கா வாங்கோவன்.”

“இருட்டுக்க வந்து என்னத்தைப் பாக்கிறது? ஜூன்தான் திறம்.”

அவன் பதில் சொல்வதற்குள் அவனுடைய தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் முடிந்துவிட்டன. நான் திருப்பி அழைக்கவில்லை. பயணக் கையேட்டின் காலநிலை அட்டவணையைப் படியெடுத்து, ஜூனுக்குச் சிவப்புக் கோடிட்டுத் தபாலில் அனுப்பினேன். இருபது வருடமாக அங்கேயே வசிப்பவனுக்கு!

ஜூனில் காப்புறுதி, குடை சகிதம் போய் இறங்கினேன். அட்டவணை சொன்னபடியே வெயில் மறையவேயில்லை. தம்பி பாதியாக மெலிந்திருந்தான். நான் அனுப்பிய தாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது.

“வெளிச்சத்துக்கு எல்லாரும் வருவினம், அண்ணை,” என்றான்.

இப்போது ஒவ்வொரு நவம்பரும் போகிறேன். கையேடு தவிர்க்கச் சொல்லும் மாதம் அது. விமானத்தில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.