ஆறு எண்ணும் ஒரு சந்தனப் பொட்டும்

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, மலைக்கு ஏறும் ரோட்டைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் முதல் கடை தங்கதுரை ஜெராக்ஸ். நாலாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் வைத்த கடை அது. கரும்பு வெட்டினார், டிராக்டர் ஓட்டினார், அந்தக் காசில் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே முதல் ஜெராக்ஸ் மிஷினை இறக்கினார், பிறகு கம்ப்யூட்டரையும் கொண்டு வந்து வைத்தார். பட்டம் வாங்கியவனெல்லாம் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கடை வாசலில்தான் நிற்கிறான். இதை அவரே நாளைக்கு நாலு தடவை சொல்வார். சொன்னால் என்ன, பொய்யா?

ஒரே ஒரு குணம் அவருக்கு. யாரையும் நம்ப மாட்டார். நம்பியிருந்தால் கரும்புக் கொல்லையிலேயே கிடந்திருக்க வேண்டியதுதான். அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டு அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். இங்கிலீஷ் எழுத்து வராது என்பதால் ஆறு எண்ணாக வைத்திருந்தார். கீபோர்டின் வலது ஓரத்து எண் பட்டன்களை, கால்குலேட்டரைத் தட்டுவதுபோல ஒற்றை விரலால், குனிந்த தலை நிமிராமல் தட்டுவார். அதற்கு முன், கடையில் யார் இருந்தாலும் ஒரு கட்டளை போடுவார்.

"எல்லாரும் செவுத்தப் பாருங்க!"

மூன்று வருடமாக வேலை பார்க்கும் ஜெயசுதாவும் காலையில் வந்ததும் சுவரைப் பார்த்துத்தான் நிற்பாள்.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த மறுவருடம், கார்த்திகை மாதம். இடஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் போராட்டம். திங்கட்கிழமை மறியல், பஸ் ஓடாது என்று பேச்சு. டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் புதிய ஆள் வந்தால் வாயை மூடிக்கொண்டார்கள். சாதிச் சான்று எடுக்கும் கூட்டம் கடையை மொய்த்தது. யார் என்ன சாதி, யாருடைய அப்பன் எங்கே படித்தான் என்பதெல்லாம் தன் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது என்று தங்கதுரைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை யாராவது திருடிவிடுவார்கள் என்று ராத்திரி கடைப் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கவும் ஆரம்பித்தார்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை பூசையைக் கொஞ்சம் பலமாகவே செய்தார். எப்போதும் டிராக்டருக்கு வைப்பதுபோல டிவிப் பெட்டி மாதிரி இருக்கும் அந்தத் திரைக்கு மட்டும்தான் பொட்டு வைப்பார். கண்ணேறு ஜாஸ்தி என்று அன்றைக்குக் கீபோர்டுக்கும் வைத்தார். மூலையில் மூன்று சின்ன விளக்கு இருக்குமே, அதுதான் அதன் நெற்றி என்று முடிவுகட்டி, சந்தனத்தைக் குழைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். பிறகு எல்லோரையும் சுவர் பார்க்கச் சொல்லி ஆறு எண்ணைத் தட்டினார்.

திறக்கவில்லை. மறுபடி தட்டினார். பாஸ்வேர்டு தப்பு என்று இங்கிலீஷில் சொன்னது.

"எம்மா ஜெயசுதா, இதுல இன்னா பண்ண நீ?"

"நானா? இப்பத்தானய்யா செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தேன்!"

"நேத்து சாயங்காலம்?"

"நேத்தும் நீங்கதான மூடுனீங்க? பூட்ட நாலு வாட்டி இழுத்துப் பாத்தீங்களே, மறந்துட்டீங்களா?"

'மறந்து' என்ற சொல் அவருக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்து மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் பொன்னாயி வந்து இறங்கினாள். கூடவே மகள் சுபலட்சுமி. பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றோடு செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சான்று வாங்க, இறந்துபோன அப்பன் செல்லனின் பள்ளிக்கூடச் சான்றிதழை இன்று மூன்று மணிக்குள் கள்ளக்குறிச்சி ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். அசல் தாள் போன வாரத்து மழையில் கூரை ஒழுகி மாவாய்ப் போய்விட்டது. செல்லன் படித்ததற்கு மிச்சம் இருக்கும் ஒரே அத்தாட்சி, போன வருடம் தங்கதுரை ஸ்கேன் எடுத்துப் பெட்டிக்குள் வைத்த படம்தான்.

"அண்ணா, அந்தப் பேப்பரு ஒண்ணு எடுத்துக் குடுங்க, பத்து மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்றாள் பொன்னாயி.

தங்கதுரை அவளை மேலும் கீழும் பார்த்தார். பெட்டி பூட்டிக்கொண்ட நாளிலா இவள் வர வேண்டும்?

ரிப்பேர் பார்க்கும் சுபாஷுக்குப் போன் போனது. அரை மணியில் பைக்கில் வந்துவிட்டான். அவன் சீக்கிரம் வந்ததும் சந்தேகமாகத்தான் இருந்தது. போன வாரம் பிரிண்டருக்கு மை ஊற்ற வந்தவன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தானே!

"ண்ணா, மறந்துபோச்சின்னு ஒத்துக்கங்க. எல்லாருக்கும் மறக்கறதுதான்."

"எனக்கு மறக்குமாடா? எம்பத்தஞ்சுல ஓட்டுன டிராக்டரு நம்பரு சொல்லட்டா?"

"கம்ப்யூட்டரு அத்தக் கேக்கலயே!"

ஜெயசுதா சிரிப்பை அடக்கப் பேப்பரை அடுக்கினாள்.

"பெண்டிரைவ் போட்டு பாஸ்வேர்ட ஒடச்சிப் பாக்கறேன்" என்றான் சுபாஷ்.

"சொருவி, உள்ள இருக்கறத வழிச்சிக்கினு போலாம்னு பாக்கறியா? கீபோர்டுல கைய வெக்காத!"

"அப்ப பார்மட்டு போட்டுடலாம். ஆனா உள்ள இருக்கறது அத்தனையும் பூடும்."

"எங்கப்பா பேப்பருமா?" என்று கேட்டாள் சுபலட்சுமி.

பொன்னாயி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "இன்னாண்ணா இது? நெசமாவே தெறக்கலியா, இல்ல கீழ்நாட்டுக்காரங்க எல்லாம் சேந்துக்கினு எங்களுக்குப் பேப்பரு இல்லன்னு பண்றீங்களா? ஊரே ஒருமாரியா இருக்குது, யார நம்பறது?"

தங்கதுரைக்குக் காது சூடேறியது. ஊரையே சந்தேகப்படும் அவரை ஒருத்தி சந்தேகப்படுகிறாள்! அப்படி ஒரு சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. கூடவே, ஒருவேளை நிஜமாகவே மறந்துவிட்டோமோ என்று முதல் தடவையாகத் தன்மேலேயே சந்தேகமும் வந்தது. அந்த ஆறு எண் அவர் முதன்முதலில் வாங்கிய காணியின் சர்வே நம்பரும் அதை வாங்கிய வருடமும். அது மறந்தால் அப்புறம் அவர் எதற்கு?

"இன்னும் ஒரு வாட்டி. எல்லாரும் செவுத்தப் பாருங்க!"

நாலு பேரும் திரும்பினார்கள். அவர் குனிந்து ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"அண்ணா" என்றாள் பொன்னாயி, சுவரைப் பார்த்தபடியே. "ஏடியெம்முல நம்பரு தட்டுனா எறும்பாட்டம் வரிசையா வுழுமே. நீங்க தட்டறீங்க, அங்க ஒண்ணுமே வுழலியே?"

"நீ எப்பிடிப் பாத்த?"

"முருகரு படத்துக் கண்ணாடில தெரியுதே."

தங்கதுரை நிமிர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக் கண்ணாடியில் திரை அப்படியே தெரிந்தது. இத்தனை வருடமாக இந்தச் சாமியா என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது என்று பகீரென்றது. ஆனால் அவள் சொன்னது நிஜம். பாஸ்வேர்டுக் கட்டம் காலியாக இருந்தது.

சுபாஷ் திரும்பி வந்து கீபோர்டைப் பார்த்தான். "யாருண்ணா இதுக்கு இவ்ளோ பெரிய பொட்டு வெச்சது?"

"நாந்தான். இன்னா இப்ப?"

அவன் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினான். அடியில் விளக்கு அணைந்து கிடந்தது. "எண்ணு பட்டன் வேல செய்ய இந்த லைட்டு எரியணும். பொட்டு வெக்கறப்ப அடியில இருக்கற பட்டனையும் சேத்து அமுக்கிட்டீங்க." ஒரு தட்டுத் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

"செவுரு" என்றார் தங்கதுரை. முருகன் மேல் துண்டைப் போட்டு மூடினார். ஆறு எண்ணைத் தட்டினார். ஆறு எறும்பு வரிசையாக விழுந்தது. திறந்துகொண்டது.

"பாத்தியா? எனக்கா மறக்கும்!" என்றார் சுபாஷைப் பார்த்து.

ஜெயசுதா தேடி எடுத்து அச்சடித்துக் கொடுத்தாள். செல்லனின் பெயரை மகள் விரல் வைத்துப் படித்துக் காட்டிய பிறகுதான் பொன்னாயிக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் போகாமல் நின்றாள்.

"அண்ணா, கோச்சிக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா எங்க பேப்பரு கதி இன்னா? யாருகிட்டயாவது அந்த நம்பரச் சொல்லி வையுங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைதான். அவர் வெகுநேரம் மோவாயைத் தடவினார். ஜெயசுதாவைப் பார்த்தார், பொன்னாயியைப் பார்த்தார். பிறகு ஜெயசுதாவை உள்ளே கூப்பிட்டு முதல் மூன்று எண்ணைக் காதில் சொன்னார். பொன்னாயியை வாசலுக்கு அழைத்துப் போய்க் கடைசி மூன்று எண்ணைச் சொன்னார்.

"ரெண்டு பேரும் சேந்தாத்தான் தெறக்கும். ஒருத்திகிட்ட ஒருத்தி சொல்லக் கூடாது, ஆமா!"

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த பொன்னாயி விரலை மடக்கி மடக்கி முணுமுணுத்துக்கொண்டே போனாள். தங்கதுரை ரோட்டில் இறங்கி நின்று பார்த்தார். பஸ்ஸுக்குள் அவள் பக்கத்தில் நின்ற கண்டக்டர் அவள் வாயையே பார்ப்பதுபோல இருந்தது.