தெற்கு மேலே

"லோகத்துல ஒருத்தருக்கும் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுடுத்தாக்கும்?" என்று கேட்டார் என் ஆய்வு நெறியாளர். கரமனை அக்ரஹாரத்துக்காரர். மற்றவர்களிடம் மலையாளம், என்னிடம் மட்டும் வீட்டுத் தமிழ். நான் சொன்னது இவ்வளவுதான்: வானியல் பட்டியலில் போட்டிருக்கும் இடத்தில், நான் ஆராயும் விண்மீன்களில் ஒன்று இல்லை.

ஒளி கூடிக் குறையும் சில விண்மீன்களைப் பற்றியது என் ஆய்வேடு. எல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன் ஒரே ஆள் கண்டுபிடித்தவை. பட்டியல் காட்டிய இடங்களில் வருடக்கணக்கான படங்களை அளந்தேன். ஒன்றிலும் ஒளி மாறவில்லை. 'துடிப்பு நின்றுபோன விண்மீன்கள்' என்று ஒரு அத்தியாயமே எழுதினேன். ஆய்வேட்டின் உயிர் அதுதான். அதைப் படித்த அன்று நெறியாளர் எனக்கும் சேர்த்துக் காப்பி சொன்னார்.

பிறகுதான், ஒரு விண்மீனின் படங்களை வரிசையாகப் பார்த்தபோது, சற்றுத் தள்ளியிருந்த மங்கலான ஒன்று கூடிக் குறைவதைப் பார்த்தேன். கண்டுபிடித்தவர் அச்சிட்ட பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தேன். தொலைநோக்கியில் வானம் தலைகீழாகத் தெரியும். அந்தக் காலத்தில் அப்படியே, தெற்கை மேலே வைத்து அச்சிடுவார்கள். பட்டியல் போட்டவர்கள் மேலே வடக்கு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்மீன்கள் நெருக்கியடிக்கும் பகுதி. எப்படி வைத்தாலும் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். நான் தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். குறியிட்ட புள்ளி அந்த மங்கல் விண்மீன்மேல் போய் உட்கார்ந்தது.

அது நின்றுபோகவில்லை. இத்தனை வருடம் நான் அளந்தது பக்கத்து விண்மீனை.

மறுநாள் நெறியாளரின் மேசையில் பழைய வரைபடத்தையும் என் படத்தையும் விரித்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"சரிதான். ஆனா இத இப்போ எதுக்குக் கிளறறே? அத்யாயம் அப்படியே இருக்கட்டும். டிகிரி வந்தப்பறம் திருத்திக்கலாம்."

"நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கேன் சார். நிக்கலியே."

"ஸ்காலர்ஷிப் முடியப்போறது. அது தெரியுமோன்னோ?"

தெரியும். வித்துராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து கிள்ளுகிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மகள் டாக்டராகப் போகிறாள் என்று அம்மா லயத்து வரிசைவீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்; ஊசி போடுகிற டாக்டர் என்றே பாதிப் பேர் நம்புகிறார்கள். அன்று மாலை போனில் அவளிடம், அளந்தது வேறு நட்சத்திரம், இன்னும் நாளாகும் என்று சொன்னேன்.

"இனி எப்போ தீரும் மோளே?"

"தெரியலம்மா."

"அந்த நட்சத்திரம் தப்புன்னா வேற ஒண்ணு எடுக்கப்படாதா? மேல கொறச்சலா கெடக்கு?"

சிரிக்க முயன்றேன், முடியவில்லை. "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். அதுபோனால் ஆய்வேட்டில் முன்னுரையும் நன்றியுரையும்தான் மிச்சம் என்று சொல்லலாம். சரியான இடத்தைப் பட்டியலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. வந்தாலும், பட்டியலில் ஒரு விண்மீனின் இடத்தைக் குறிக்கும் எண்ணில் கடைசி சில இலக்கங்கள் மாறும், அவ்வளவுதான். அதற்கு யாரும் பட்டம் தரப்போவதில்லை. காலையில் துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவே கால் வருவதில்லை.

ஆனாலும் இன்று ஏறினேன். ஒரு வரைபடம் தலைகீழ் என்றால் அந்த ஆளுடைய மற்றவையும் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டாவது விண்மீனின் வரைபடத்தை, தெற்கு மேலே என்று எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்த விண்மீனின் முதல் படத்தை அளந்தாகிவிட்டது.