கடிதத்தைப் பிரிக்க மறுத்தவர்

சவரிநாதன் இறந்துபோன செய்தி ஒரு தபால் கார்டில் வந்தது. தபாலாபீசில் மற்றக் கடிதங்களோடு அதற்கும் நானே முத்திரை குத்தினேன். குத்திய பிறகுதான் என் பெயரைப் பார்த்தேன். மஞ்சள் காமாலை, பத்து நாள் படுக்கை, அடக்கம் முடிந்துவிட்டது என்று அவர் மனைவி மரியம்மா எழுதியிருந்தார். மறுநாள் கடலூருக்குப் போனேன். சாவுச் செய்தியை இப்படி ஊரார் படிக்கிற மாதிரி கார்டில் எழுதலாமா என்று உறவுக்காரர் ஒருவர் அந்த அம்மாளைக் கடிந்துகொண்டிருந்தார்.

“கவருல போட்டா மட்டும் இன்னா? பிரிச்சிப் படிக்கிறவன் படிக்கத்தான போறான். அவனுக்கு ஏன் சிரமம்னு தொறந்தே எழுதினேன்” என்றார் மரியம்மா.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் என்னைத் தவிர யாருக்கும் தலை குனியவில்லை. ஏன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். சவரிநாதனை நல்ல மனுஷர், பாவம், வேலை போய்விட்டது என்று இரங்கிப் பேசுகிறவர்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் நிறைய இருக்கிறீர்கள். இரக்கம் அவருக்குப் பிடிக்காது. நடந்தது இன்னதென்று தெரிந்தால் உங்களுக்கும் இரக்கம் வராது, ஆத்திரம்தான் வரும்.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள ஒரு சின்னத் தபாலாபீசில் பதினோரு வருஷம் அவரும் நானும் அடுத்தடுத்த மேஜையில் வேலை பார்த்தோம். நான் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருவேன், அவர் கடலூரிலிருந்து. யுத்த காலத்தில் ரகசியப் போலீஸ்காரர் ஒருவர் காலையில் வந்து உட்காருவார். கையில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். அந்தப் பெயருக்கு வருகிற கடிதம், அந்தப் பெயர்க்காரர் போடுகிற கடிதம் எல்லாம் அவர் கைக்குப் போக வேண்டும். சவரிநாதன் முதல் நாளே எழுந்து நின்று, சர்க்காரின் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் ஒரு கடிதத்தையும் தொடவிட மாட்டேன் என்றார். சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு வாரம் அலைந்து உத்தரவைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் கொடுத்தார், அதுவும் உத்தரவில் கண்ட பெயர்களுக்கு உரிய கடிதங்களை மட்டும்.

சுதந்திரம் வந்தது. ஆபீசில் மிட்டாய் கொடுத்தோம். அடுத்த வருஷமே அதே போலீஸ்காரர் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பட்டியலில் பெயர்கள் மட்டும் புதியவை. இந்தத் தடவை உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சவரிநாதனிடம் போனால் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே சவரிநாதன் இல்லாத நேரமாகப் பார்த்து என்னிடம் வந்தார். டீ போடுகிற கெட்டிலில் ஆவி பிடித்துக் கவரைப் பிரித்துக் கொடுத்தது நான்தான். மூன்று பெண்களைப் பெற்றவன், வேலை போனால் என்ன செய்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் தனபாக்கியம் என்ற பள்ளி ஆசிரியை இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த அவர் கணவரை விசாரணை இல்லாமல் சிறையில் வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் செய்த குற்றம் அவ்வளவுதான். பண்ருட்டியில் இருந்த அக்காவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். மார்பில் கட்டி மாதிரி ஏதோ இருக்கிறது, பயமாக இருக்கிறது, அவரிடம் சொல்லாதே என்று. அந்தக் கடிதத்தைப் பிரித்தேன். போலீஸ்காரர் படித்தார். சிரித்தார்.

நாலு நாள் கழித்து, சிதம்பரம் கீழவீதியில் ஜனங்கள் நடமாட்டத்துக்கு நடுவே, அவர் தனபாக்கியத்தை நிறுத்தி, “மாருல கட்டின்னு அக்காவுக்கு எழுதினியே, புருஷன் வந்து பாக்கணும்னா எங்களக் கேளு, நாங்கதான உள்ள வெச்சிருக்கோம்” என்றிருக்கிறார்.

மறுநாள் அந்த அம்மாள் ஆபீசுக்கு வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சவரிநாதனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:

“நான் ஒட்டித்தான சார் போட்டேன்?”

சவரிநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கெட்டிலைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

போலீஸ்காரர் அடுத்த முறை வந்தபோது சவரிநாதன் தபால் பைக்கு முன்னால் போய் நின்றார்.

“உத்தரவ எழுத்துல குடு.”

“இன்னாய்யா, சொதந்தரம் வந்துடுச்சி. நம்ம கவர்மெண்டுக்கே எழுத்து கேக்கறியா?”

“வெள்ளக்காரன்கிட்டயும் இதத்தான் கேட்டேன். அவனாவது எழுதிக் குடுத்தான்.”

சவரிநாதன் அதோடு விடவில்லை. உத்தரவில்லாமல் உங்கள் கடிதம் பிரிக்கப்பட்டது என்று தம் கையெழுத்தில் எழுதித் தனபாக்கியத்திடம் கொடுத்தார். அந்த அம்மாள் கடலூரில் வழக்குப் போட்டார். உடனே, ஆபீஸ் ரகசியத்தை வெளியிட்டார் என்று சொல்லிச் சவரிநாதனை வேலையிலிருந்து நீக்கினார்கள். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய பயத்தைக் கடைவீதியில் கத்தலாம். அது ரகசியம் இல்லையாம். கத்தினவனுக்குக் கடிதம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் ரகசியமாம்!

கடிதம் பிரிக்கப்பட்டதற்கு நேரடிச் சாட்சி நான் ஒருவன்தான். கூண்டில் ஏறி, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றேன். வழக்கு தள்ளுபடியானது.

கோர்ட்டுக்கு வெளியே சவரிநாதன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபம் என் தலைக்கு மேலே தாண்டிப் போனது.

“உன்ன மாதிரி பயந்தவன வெச்சித்தான் மச்சான் அவுங்க காரியம் நடக்குது. எல்லாரும் தைரியசாலியா இருந்தா சட்டம் எதுக்கு? பயந்தவனும் முடியாதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் சட்டம் வேணும்.”

சென்ற டிசம்பரில் உலக நாடுகள் கூடி மனித உரிமைகளைப் பிரகடனம் செய்தன. ஒருவனுடைய அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் கடிதப் போக்குவரத்திலும் மனம்போனபடி யாரும் தலையிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. நம் தேசமும் சம்மதம் சொல்லியிருக்கிறது. பத்திரிகையில் அதைப் படித்த அன்றே சவரிநாதன் டில்லிக்கு ஒரு மனு எழுதினார். நீதிபதி உத்தரவில்லாமல் கடிதத்தைத் தொடக் கூடாது, பிரித்தால் உரியவருக்குச் சொல்ல வேண்டும், இதை எழுதப்படுகிற அரசியல் சாசனத்திலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு யோசனை முதலில் இருந்து, பிறகு அடித்துவிட்டார்கள் என்று யாரோ வக்கீல் சொன்னதில் அவர் கொதித்துப்போயிருந்தார். “ஊருக்கு முன்னால கையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. வூட்டுக்குள்ள அதே கெட்டிலுதான் கொதிக்குது” என்றார். அந்த மனுவில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மனு வந்து சேர்ந்தது என்று இரண்டு வரிப் பதில் வந்தது. கவரின் ஓரத்தில் பசை இன்னும் ஈரமாக இருந்தது.

தனபாக்கியம் அதற்குப் பிறகு யாருக்கும் கடிதம் எழுதவில்லை. கட்டி முற்றிய பிறகுதான் அக்காவுக்கு ஆள் மூலம் தெரிந்தது. இப்போது சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கணவர் இன்னும் சிறையில்.

போன திங்கட்கிழமை போலீஸ்காரர் வந்து கெட்டிலை அடுப்பில் வைக்கச் சொன்னார். உத்தரவு இல்லாமல் முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு அவரே பையின் கட்டை அவிழ்த்தார். நடந்ததைத் தேதி போட்டு எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வழக்கில் நான் சொன்னது பொய் என்றும் எழுதியிருக்கிறேன். என்ன வரும் என்று தெரியும்.

போலீஸ்காரர் போய் வெகுநேரமான பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று பைக்கு முன்னால் நின்றபோது சவரிநாதனுக்கும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். அதை நான் பார்க்கவில்லை. குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அவரைத் தைரியசாலி என்று இத்தனை நாள் நினைத்தது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது! அவருடையது என்று என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. இந்த நடுக்கம் இருக்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.