ஜீப்பில் தேடிய செத்த எலி

வலி தாங்குவதில் கம்பம் பள்ளத்தாக்கிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. காலில் ஆணி ஏறினால்கூட ‘யாருப்பா அது?’ என்று கேட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பேன். அவசரப்பட்டு எனக்கு மாலை வாங்கிவிடாதீர்கள், அத்தனையும் பொய். ஊசியைக் கண்டாலே எனக்கு மூத்திரம் முட்டும். ஆணி ஏறியது தெரியாமல் நடந்தேன் என்பது மட்டும்தான் நிஜம். அது வீரமில்லை, வியாதி. சர்க்கரை வியாதி என் பாதத்து நரம்புகளைத் தெருவிளக்கை அணைப்பதுபோல ஒவ்வொன்றாக அணைத்திருக்கிறது. அது எனக்குப் புரிந்தது போன ஆடி மாதம், கம்பம்மெட்டு மலைப்பாதையில்.

நான் ஜீப் டிரைவர். விடிந்தும் விடியாமலும் கம்பத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலைக்கு மேலே கேரளத்துப் பக்கம் இருக்கிற ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டதால், நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதை எழுதுகிறாள். எழுத்தில் பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஆடி மாதம் மலையில் சாரல் விடாது. தோட்டத்தில் கால் வைத்தால் அட்டை ஏறும். அட்டைக்குப் பயந்து நான் பூட்ஸ் வாங்கினேன். கொஞ்சம் இறுக்கம். “போடப் போடச் சரியாயிரும்ணே” என்றார் கடைக்காரர். பூட்ஸ் சரியாகவில்லை; என் விரல்தான் அதற்குத் தகுந்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. பூட்ஸ் விரலைக் கடித்துப் புண்ணாக்கியிருக்கிறது. வலித்தால்தானே தெரியும்? சாக்ஸ் ஈரமாக இருந்தால் மழைத்தண்ணீர் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பார்த்தால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துக் கிடந்தன. ஜீப் டிரைவர் காலில் கறுப்பு இருந்தால் அது என்னவாக இருக்கும்? கிரீஸ்தான். டீசலில் துணியை நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை. ‘நல்ல கம்பெனி கிரீஸ் போல’ என்று பாராட்டிவிட்டு, சாக்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என்னைப் போன்ற அறிவாளி ஜில்லாவுக்கு ஒருவர் இருந்தால் போதும்.

அதற்கப்புறம்தான் வண்டிக்குள் நாற்றம் ஆரம்பித்தது.

“என்னண்ணே, எலி கிலி செத்துக் கெடக்கா வண்டிக்குள்ள?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“நீங்க ஏறுறதுக்கு முன்னாடி வரைக்கும் மணமாத்தேன் இருந்துச்சு” என்றேன். முதுகில் நாலு அடி விழுந்தது.

மெட்டில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தி எல்லாருமாகத் தேடினோம். சீட்டைத் தூக்கினோம், டூல்ஸ் பெட்டியைக் கொட்டினோம், மிதியடியை உரித்தோம். ஒரு சீப்பும் அழுகிய கொய்யாப்பழமும் கிடைத்தன. எலி இல்லை. கொய்யாப்பழத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்தி முன்னால் செருகினேன். வண்டி சாமி ஊர்வலம் மாதிரி மலையேறியது. எல்லாரும் சிரித்தார்கள், முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அக்கா எனக்குச் சொந்தமில்லை. தோட்டத்துப் பெண்களில் மூத்தவர், அதனால் எல்லாருக்கும் அக்கா. வாயைத் திறந்தால் நான் எதிர்ப்பாட்டுப் பாட முடியாது. அன்றைக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ஒனக்கு மேலுக்குச் சொகமில்லையாப்பா? மொகம் வெளுத்துக் கெடக்கு.”

“சாரல் காச்சல்க்கா. மாத்திரை போட்டாச் சரியாயிரும்.”

சரியாகவில்லை. பகல் முழுக்க வண்டிக்குள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நடுங்கினேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. சாப்பாட்டை நான் வேண்டாமென்று வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் இறங்கும்போது மூடுபனி, கூடவே மழை. ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறேன், கீழேயிருந்து பஸ் ஏறி வருகிறது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, சீறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. இன்னும் அழுத்தி மிதித்தேன். இன்னும் வேகமாகப் பாய்ந்தது. குனிந்து பார்த்தால், என் கால் ஆக்ஸிலேட்டர்மேல் இருக்கிறது! என் கால் எங்கே இருக்கிறது என்று என் கால் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் ஒரே அலறல். அக்கா எட்டி ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். நான் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் ஓரத்துக் கால்வாயில் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது. பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது. அந்தப் பக்கம் தடுப்புச்சுவர், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“ஏலே, குடிச்சுப்புட்டு ஓட்டுறியா? எங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?”

அக்கா எதுவும் கேட்காமல் இறங்கி என் பக்கம் வந்தார்.

“காலக் காட்டு.”

“எதுக்குக்கா?”

“நாறுறது எலி இல்ல. நீதான்ப்பா நாறுற. காலக் காட்டு.”

அத்தனை பெண்களுக்கு முன்னால் அப்படிச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் அடிபட்டுச் செத்திருந்தாலே தேவலை என்று இருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு, “சாக்ஸ் தொவைக்கலக்கா...” என்று இளித்தேன். அவர் நனைந்த ரோட்டில் உட்கார்ந்து பூட்ஸைப் பிடித்து உருவினார். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது.

நான் கிரீஸ் என்று நினைத்த விரல்கள் தார் மாதிரி இருந்தன. அதற்கு மேலே பச்சையும் ஊதாவுமாகத் தோல் உப்பிக் கொப்புளம் கட்டியிருந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. கணுக்காலுக்கு மேலே சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். அக்கா மட்டும் மூக்கைப் பொத்தவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிறேன்க்கா. அதுவரைக்கும் மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் போட்டுக்கிட்டா...”

“ஞாயித்துக்கிழமை ஒன்னையத் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கும்” என்றார். அப்புறம் குரல் இறங்கியது. “எங்க வீட்டுக்காரருக்கும் இதே நாத்தந்தேன். பரண்ல எலி செத்துருச்சுன்னு பினாயில் ஊத்துனேன். கால்லருந்துதேன் வருதுன்னு தெரிஞ்ச பின்னாடியும் வாயத் தொறக்கல. ஆம்பளையப் பாத்து நாறுறேன்னு எப்பிடிச் சொல்றது? கடைசியாச் சொல்லிக் கூட்டிட்டுப் போனப்ப, தொடையோட எடுக்கணும்னாக. எடுத்தும் உசுரு நிக்கல.”

நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினேன்.

காலி தக்காளிப் பெட்டி ஏற்றிய பிக்அப் ஒன்று மேலேயிருந்து வந்தது. ஓட்டியவர் மலையாளத்துக்காரர். என் காலைப் பார்த்ததும் “கேறிக்கோ சேட்டா, வேகம்” என்று ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்து, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவும் ஏறினார். மற்றவர்கள் அடுத்த ஜீப்புக்காக மழையில் நின்றார்கள். என்னைக் குடிகாரன் என்று திட்டிய பெண்தான் தன் குடையைத் தூக்கிப் போட்டாள்.

கம்பம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, என் வீட்டுக்காரியையும் வரவழைத்து, தேனிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பிவிட்டார்கள்; அக்காவும் கூடவே வந்தார். அங்கே ஒரு டாக்டரம்மா. என் மகள் வயசுதான் இருக்கும்.

“கண்ணை மூடிக்கங்க. பஞ்சால கால்ல தொடுவேன், தொடுறப்பச் சொல்லுங்க.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். “எப்பம்மா தொடப்போறீக?” என்று கேட்டேன்.

“தொட்டு முடிச்சிட்டேன்யா.”

கண்ணைத் திறந்தால் என் வீட்டுக்காரி அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா பிறகு எங்களுக்கு விளக்கினார். ரத்த ஓட்டம் நின்று சதை செத்துப்போவதுதான் இந்த வியாதி. சிலருக்கு விரல் காய்ந்து, சுருங்கி, மெதுவாகக் கறுக்கும். எனக்கு வந்தது ஈரத்தோடு அழுகுகிற ரகம். கிருமி சேர்ந்துகொண்டு மேலே ஏறும், ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. நடுக்கமும் காய்ச்சலும் அதனால்தான், சாரலால் இல்லை.

“ஏலத்துல அழுகல் விழுந்தாப்புல” என்றார் அக்கா. “அழுகுனத உடனே எடுத்துப்புடணும். விட்டா தோட்டமே போயிரும்.”

“அதேதாம்மா. செத்ததை இப்பவே எடுத்தாகணும்” என்றார் டாக்டரம்மா. பேனாவை எடுத்து, சிவப்பு முடிகிற இடத்தில் என் காலைச் சுற்றிக் கோடு போட்டார். “சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டி ஏறினா, விரலோட நிக்காது. முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம்.”

படிக்கத் தெரியாத எனக்கு அந்த ஒரு கோடு நன்றாகப் படிக்க வந்தது.

ஆபரேஷன் முடிந்து முழித்தபோது இரண்டு விரல் இல்லை. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரியும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்தன்றுகூட என் வீட்டுக்காரி என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“தாண்டிருச்சா?” என்பேன்.

“பேசாமப் படுங்க” என்பாள்.

ஒருதடவை “லேசாத் தாண்டுனாப்புல இருக்கு ஆத்தா” என்று அக்கா முணுமுணுத்தார். ஒற்றைக்காலோடு கிளட்சை மிதிப்பதா பிரேக்கை மிதிப்பதா என்று கணக்குப் போட்டேன். டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார், விரலால் அழுத்திப் பார்த்தார். அப்புறம், “தாண்டலை. அது மருந்துக் கறை” என்றார். மறுநாள் சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அக்கா அப்போதுதான் எழுந்து டீ குடிக்கப் போனார்.

புண் ஆற மாசக்கணக்கில் ஆனது. தினமும் கட்டு, இன்சுலின் ஊசி. பீடிதான் ரத்தக்குழாயை இன்னும் அடைக்கிறது என்று சொன்னதால் பீடிக்கும் விடை கொடுத்தேன். தப்பித்தது இந்தக் கால் மட்டும்தான், இன்னொரு காலுக்கும் இதே ஆபத்து இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். மரத்துப்போன காலோடு வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் என் ஜீப்பை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். நான் ஸ்டாண்டில் நின்று ஆள் ஏற்றிவிடுகிறேன். அதில் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை.

ஆனால் ஒரு வேலை கூடியிருக்கிறது. சர்க்கரை இருக்கிற டிரைவர்களைப் பிடித்துச் செருப்பைக் கழற்றச் சொல்வேன். மரத்துப்போவது, ஆறாத புண், நிறம் மாறுவது, வீக்கம், நாற்றம், எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் துரத்துவேன். போன வாரம் ஒருவர், பெரியகுளத்துக்காரர், ஷூவைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். நான் அவர் காலைப் பிடித்து இழுக்க, அவர் என் சட்டையைப் பிடிக்க...

“ஏங்க, கதை போதும். வெளிச்சம் போறதுக்குள்ள இங்கன வந்து காலக் காட்டுங்க!”

வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். போகாவிட்டால் அவளே வந்துவிடுவாள். தினமும் என் இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், விரல் இடுக்கில் துடைப்பாள், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பாள். அப்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும்: முகத்துக்கு நேராக ‘நாறுது’ என்று சொல்ல ஓர் ஆள் இருப்பதைவிட, ஒரு மனுஷனுக்கு வேறு என்ன பாதுகாப்பு வேண்டும்?