யாருக்காவது காட்டினீங்களா?

லேத்துப் பட்டறைக்காரருக்கு வாய் திறந்தால் வார்த்தை வராது; அவர் மனைவிக்கோ வாய் மூடினால் தூக்கம் வராது. அப்படிப்பட்டவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. மருந்து பாட்டிலைத் திறக்கக்கூட ஆளைக் கூப்பிட வேண்டியிருந்ததில் அவள் பேச்சே அடங்கிவிட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மண்டையை உடைத்துக்கொண்டு, சமையல் மேடையில் மாட்டுகிற இரும்புத் தாடை ஒன்றைச் செய்தார். பாட்டிலின் மூடியை அதில் செருகி, இடது கையால் திருகினால் போதும். திருகத் திருகத் தாடை இறுகும், மூடி கழன்றுவிடும்.

"நீங்க எனக்குச் செஞ்சுபோட்ட ஒரே நகை இதுதான்," என்றாள். "காப்புரிமை வாங்குங்க. என் பேரையும் போடணும், சொல்லிட்டேன். இதுக்குக் கை குடுத்ததே நான்தானே?"

சரி என்றார். வேலைமேல் வேலை வந்து நாள் தள்ளிப்போனது. மறுபடி வந்த வாதம் அவளைக் கொண்டுபோய்விட்டது.

கொடுத்த வாக்கையாவது காப்பாற்றுவோம் என்று மகனோடு வக்கீலம்மாவிடம் போனார். அந்த அம்மா தாடையைத் திருகிப் பார்த்தார்.

"காப்புரிமை இதோட அழகுக்கு இல்லீங்கய்யா, இது செய்யற வேலைக்கு. தானா இறுகுது பாருங்க, அதுக்குத்தான். ஆனா அது உலகத்துக்கே புதுசா இருக்கணும். இதுக்கு முன்னாடி யாருக்காவது காட்டினீங்களா?"

"இல்லீங்க மேடம், வீட்டு வாசலைத் தாண்டலை," என்று மகன் முந்திக்கொண்டான்.

அவர் கண்முன் ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடம் வந்து நின்றது. தாடையைப் பையில் போட்டு அங்கே எடுத்துப்போவாள். கை விழுந்தவர்களைச் சுற்றி உட்காரவைத்து, "எங்க வீட்டு ஊமை செஞ்சது, பாருங்க" என்று அக்கக்காகப் பிரித்துக் காட்டுவாள். யாராவது மூடியைத் திறந்துவிட்டால், கைதட்ட முடியாத அத்தனை பேரும் மேசையைத் தட்டுவார்கள்.

"அவ காட்டினாம்மா," என்றார். "எல்லாருக்கும் காட்டினா. பிரிச்சே காட்டினா."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அப்ப புதுசுன்னு கேக்க முடியாதுங்கய்யா. மன்னிச்சுக்குங்க."

தெருவில் இறங்கியதும் மகன் வெடித்தான். "ஒரு 'இல்லை' சொல்லியிருந்தா அம்மா பேரு நின்னிருக்குமேப்பா!"

"அங்க போனப்புறம்தான்டா அவ பழையபடி பேசினா. அதைப் போய் எப்படிடா இல்லைம்பேன்?"

வீட்டுக்கு வந்து தாடையைப் பழைய இடத்திலேயே மாட்டினார். அவளுடைய மருந்து பாட்டிலை இடது கையால் செருகித் திருகினார். மூடி கழன்றது. அதே கையால் மேடையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்த வீட்டுக்கு அது ரொம்பப் பெரிய சத்தமாக இருந்தது.