வளைவில் எரிந்த பிரேக் விளக்கு

ஏழுமலையின் வண்டியிலிருந்து கழற்றிய கிளஸ்டர் மறுபடி என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பழைய துண்டில் சுற்றப்பட்டிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஸ்பீடோமீட்டரும் டீசல் முள்ளும் எச்சரிக்கை விளக்குகளும் சேர்ந்து இருக்கும் பலகையை எங்கள் தொழிலில் கிளஸ்டர் என்போம். கொண்டுவந்தவர் ஏழுமலையின் மச்சான் குமார்.

"மலையில வண்டி மோதிடுச்சு சார். மாமா ஆஸ்பத்திரியில கீறாரு. இத உங்ககிட்ட பத்திரமா குடுக்கச் சொன்னாரு. நீங்க ரெடி பண்ணிக் குடுத்த லைட்டுதான் காப்பாத்துச்சாம். சொல்லச் சொன்னாரு."

துண்டைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அந்த விளக்கை நான் ரெடி பண்ணவே இல்லை. பிடுங்கி எறிந்திருந்தேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். சேலத்தில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். பிறகு சொந்த ஊரான கள்ளக்குறிச்சிக்கு வந்து, வீட்டிலேயே ஒரு மேசை போட்டு கிளஸ்டர் பழுது பார்க்கிறேன். இப்போது நிறைய இளைஞர்கள் என்னைப் போலவே வீட்டில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சால்டரிங் எப்படிச் செய்வது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

1. இறங்கும்போது மட்டும்

ஏழுமலை கச்சிராயபாளையத்துக்காரர். ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஆள் ஏற்றி இறக்குவார். ஒரு மழைக்காலக் காலையில் வண்டியை என் வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தயங்கி நின்றார்.

"சார், பிரேக் லைட்டு எரியுது. செவப்பா, நடுவுல ஆச்சரியக்குறி போட்டிருக்குமே, அது."

"எப்ப எரியுது?"

"மலையிலேர்ந்து எறங்கும்போது ஒரு வளைவு வரும். அங்க மட்டும். கொஞ்ச தூரம் போனா தானா அணைஞ்சிடும்."

"ஏறும்போது?"

"ஏறும்போது கம்முனு இருக்கும் சார். எறங்கும்போதுதான்."

பழுது என்ன என்பதை அவர் அப்போதே சொல்லி முடித்துவிட்டார். நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

"பிரேக் ஆயில் பாத்தாச்சா?"

"மெக்கானிக் பாத்தாரு. இருக்குதுன்னாரு."

அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். பானட்டுக்குள் இருப்பது மெக்கானிக்கின் வேலை, டேஷ்போர்டுக்குள் இருப்பது என் வேலை. கம்பெனியில் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கோட்டை நான் அழிக்கவில்லை. ஒருவர் வண்டியின் பானட்டைத் திறந்து பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைவாகவும் தோன்றியது.

ஏழுமலை இன்னும் போகாமல் நின்றார்.

"இன்னொன்னு சார். சிரிக்கக் கூடாது. எங்க அண்ணன் வேலு அந்த வளைவுலதான் செத்தாரு. மரவள்ளி லோடு ஏத்திக்கினு எறங்கும்போது வண்டி உருண்டுடுச்சு. அங்க ஒரு கல்லு நட்டு வெச்சிருக்கோம். அந்தக் கல்லாண்ட வந்தாத்தான் லைட்டு எரியுது."

நான் சிரித்தேன்.

2. குங்குமம்

வெள்ளிமலைப் பாதையில் ஓட்டும் சில டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறங்கும்போது அந்தக் கல்லின் முன்னால் வண்டியை நிறுத்துவார்கள். கல்லில் இருக்கும் குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, மீட்டருக்கு மேலே இருக்கும் மேட்டில் வைப்பார்கள். அடிவாரம் வரைக்கும் துணைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை.

இது எனக்கு கிளஸ்டரைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. டேஷ்போர்டு இடுக்கு வழியாகக் குங்குமம் உள்ளே இறங்கி, வயர்கள் வந்து மாட்டும் கனெக்டரின் ஊசிப் பின்களுக்கு நடுவில் களிம்பாகப் பிடித்திருந்தது. மலைப் பனியின் ஈரம் அதில் ஊறி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பிரேக் விளக்கின் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் லீக்கேஜ், அதாவது மின்கசிவு, காட்டியது. பனியில் ஈரம் ஏறினால் விளக்கு எரியும். கணக்கு அழகாக ஒட்டியது.

என் மனைவி சரோஜா காபி டம்ளரோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மீட்டரா அது? கோயில் உண்டியலாட்டம் கீது."

"இவங்க சாமி கும்பிட்ட லட்சணம் இது. இதுக்குத்தான் அண்ணன் வந்துட்டார்னு பயப்படுறான்."

"நீங்க பயப்படாம வேலைய பாருங்க" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

ஐபிஏ என்ற ஸ்பிரிட்டை ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். காயவைத்து மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து, வரிசையாக அணைந்தன. "இனிமே மேல குங்குமம் வெக்காதே. அவ்வளவுதான்" என்று ஏழுமலையை அனுப்பினேன்.

அடுத்த நாளே திரும்பி வந்தார். அவர் முகத்தில் குற்றம் சொல்லும் பாவனை இல்லை. எனக்காக வருத்தப்படுவதுபோல இருந்தது.

"எரிஞ்சுது சார்."

3. கல்லின் முன்னால்

நானே கூடப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி ஏறும்போது விளக்கு எரியவில்லை. வெள்ளிமலையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கத் தொடங்கினோம். பிற்பகல்தான், ஆனாலும் பனி பாதையை மூடியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சம் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவரில் போய் நின்றது. ஏழுமலை ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினார். வளைவுக்குக் கொஞ்சம் முன்பே அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏன் ஹாரன் அடிக்கல?"

"இங்க அடிக்க மாட்டேன் சார். அண்ணன் தூங்கினு இருப்பாரு."

கல்லின் முன்னால் வண்டி மூக்குக் கீழாகச் சாய்ந்து நின்றது. விளக்கு எரிந்தது.

ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் அதே விளக்குதான் எரியும் என்பதால் முதலில் லீவரைத் தொட்டுப் பார்த்தேன். கீழேதான் இருந்தது. ஏழுமலை காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, "நீங்க எறங்கி ஒரு சிட்டிக எடுத்துக்கினு வாங்க சார். நான் காலெடுக்க முடியாது" என்றார்.

இறங்கினேன். பனியில் கல் எங்கே என்று தெரியவில்லை. கையால் துழாவி, ஈரமாகக் குளிர்ந்த ஒன்றைத் தொட்டேன். குங்குமத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை. பனிக்குள் ஏழுமலையின் முகம் மட்டும் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு மெல்ல மங்கியது. மறுபடி மெல்ல ஏறியது. தூங்குகிறவன் மூச்சு விடுவதுபோல மங்கி மங்கி ஏறியது.

எந்த எல்இடியும் ஷார்ட் சர்க்கியூட்டில் அப்படி எரிந்து நான் பார்த்ததில்லை. குங்குமம் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது.

நான் ஏறி உட்கார்ந்ததும் ஏழுமலை விளக்கைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, சாரை வூட்டுல வுட்டுட்டு வரேன்." வண்டி நகர்ந்தது. வளைவு திரும்பி, பாதை கொஞ்சம் சமமானது. விளக்கு அணைந்தது.

அந்தச் சரிவில் வண்டி நின்றபோது பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவை ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் போதும். சமதளத்தில் குறைந்தபட்ச அளவுக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் ஆயில், மூக்குக் கீழாகச் சாயும்போது ஒரு பக்கமாக ஒதுங்கும். உள்ளே மிதக்கும் ஃப்ளோட் இறங்கி ஸ்விட்சைத் தொடும். எஞ்சின் அதிரும்போது ஃப்ளோட் ஆடும், விளக்கு மங்கி ஏறும். அந்தப் பாதையில் வண்டி சரிவிலேயே நிற்பது அந்தக் கல்லின் முன்னால் மட்டும்தான். ஆயில் குறைந்திருந்தது. எங்கேயோ கசிந்துகொண்டிருந்தது. விளக்கு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

இதெல்லாம் நான் படித்ததுதான். ஆனால் அன்று "போகலாம்பா, சீக்கிரம் போகலாம்" என்று மட்டும் சொன்னேன்.

4. பிடுங்கியது

மறுநாள் கிளஸ்டரை மறுபடி கழற்றி, அந்த எல்இடியை போர்டிலிருந்து எடுத்துவிட்டேன். சூடு வைத்து இடுக்கியால் தூக்கினால் வந்துவிடும். மிளகைவிடச் சிறியது.

ஏழுமலையின் பயத்தைப் போக்கத்தான் எடுத்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்துகொண்டு மலையில் ஓட்டுவது ஆபத்து, பயத்தை எடுத்துவிட்டால் நன்றாக ஓட்டுவார் என்று காரணம் வைத்திருந்தேன். அது பொய். அந்தச் சிவப்பை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயந்ததை ஒப்புக்கொள்ளப் படிப்பு இடம் கொடுக்கவில்லை. அதனால் விளக்கை எடுத்தேன்.

ஏழுமலையிடம் விளக்கை எடுத்துவிட்டதாகச் சொல்லவில்லை. "உள்ள ஒரு பார்ட் கெட்டுப் போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இனிமே எரியாது" என்றேன்.

அவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். மற்ற விளக்குகள் எரிந்து அணைந்தன. அவர் கண் ஓர் இடத்திலேயே நின்றது.

"அப்ப அண்ணன் போயிட்டாரா சார்?"

"அங்க யாருமே இல்லப்பா. அழுக்குதான் இருந்துச்சு."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். சரோஜா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னீங்க அவருகிட்ட? எழவு வூட்டுலேர்ந்து போறவராட்டம் போறாரு."

5. ஆஸ்பத்திரி

அடுத்த மழைக்காலத்தில் விபத்து நடந்தது. பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் நிற்கும் வீல் சிலிண்டர் கசிந்து கசிந்து, ஒரு நாள் இறக்கத்தில் பெடல் தரை வரைக்கும் இறங்கிவிட்டது. வண்டி நிறைய ஆள் இருந்தார்கள். மலையிலிருந்து பிரசவத்துக்கு இறங்கிய ஒரு பெண்ணும் இருந்தாள்.

துண்டில் சுற்றிய கிளஸ்டரைப் பிரிக்காமலே குமாருடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலையின் வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தது. இனி வண்டி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"வாங்க சார். எல்லாரும் பொழைச்சிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு நேத்து ஆம்பளப் புள்ள."

"எப்படிப்பா தப்பிச்சீங்க?"

"வளைவுக்கு முன்னாடியே லைட்டு எரிஞ்சுது சார். முன்னெல்லாம் கல்லாண்ட வந்தாத்தான் எரியும். அன்னைக்கு முன்னாடியே எரிஞ்சிடுச்சு. இன்னாடா இதுன்னு ஃபர்ஸ்ட் கியருக்கு வந்துட்டேன். அப்புறம் பிரேக்க மிதிச்சா ஒண்ணுமில்ல, வெறும் காத்து. ஸ்பீடு கம்மியா இருந்ததால பாறப் பக்கமா ஒடிச்சிட்டேன். என் பக்கம் மட்டும் அடிச்சிடுச்சு. கொஞ்சம் ஸ்பீடு ஜாஸ்தியா இருந்தாலும் அண்ணன் போன பள்ளம்தான்."

வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்தேன். கண்ணாடிக்கு மேல், பிரேக் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துக் காய்ந்திருந்தது. பின்மூடியைக் கழற்றினேன். எல்இடி இருந்த இடத்தில் நான் விட்டுவைத்த இரண்டு ஈயப் புள்ளிகள் மட்டும் இருந்தன. வேறு யாரும் திறந்த தடயம் இல்லை. பன்னிரண்டு வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் எரியவில்லை. எரியாது.

குங்குமப் பொட்டில் வெயில் பட்டு மின்னியிருக்கலாம். அன்று மலையில் வெயில் இருந்ததா என்று குமாரிடம் கேட்டேன். பனியில் பக்கத்து ஆள் தெரியவில்லை என்று வண்டியில் வந்தவர்கள் சொன்னார்களாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏழுமலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கை எடுத்ததை, எடுத்ததை மறைத்ததை, ஆயில் குறைந்திருந்ததை, பயந்தது நான்தான் என்பதை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எடுத்தது தெரியும் சார். சாவி போட்டா எல்லாம் எரியுது, அது மட்டும் எரியல. அன்னைக்கே தெரியும். பெரியவரு, மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்குறதுன்னு வுட்டுட்டேன். எடம் வெறிச்சுனு இருந்துச்சா, அதான் பொட்டு வெச்சேன். ஆயில் கம்மியா கீதுன்னு மட்டும் தெரியாது. அத நீங்க சொல்லியிருக்கலாம்."

"அப்ப எரிஞ்சது எது ஏழுமலை?"

"என்ன ஏன் சார் கேக்குறீங்க? மீட்டர் பத்தி படிச்சவரு நீங்க."

6. மறுபடி இறங்கியது

வண்டியைச் சரிசெய்த பிறகு குமார் ஓட்டத் தொடங்கினார். முதல் முறை இறங்குவதற்கு முன்னால் புதிய எல்இடியை நானே வைத்து, ஏழுமலையின் எதிரில் எரியவைத்துக் காட்டினேன். பிறகு மூவரும் போனோம். ஏழுமலை ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கல்லின் முன்னால் குமார் வண்டியை நிறுத்தினார். அன்றும் பனி. விளக்கு எரியவில்லை. எரிந்துவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எரியாதா என்று ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தார்.

டயருக்குக் கட்டை வைத்துவிட்டு, அந்தச் சரிவிலேயே பானட்டைத் திறந்தேன். ஆயில் டப்பாவில் டார்ச் அடித்தேன். சாய்ந்திருந்தபோதும் ஆயில் கோட்டுக்கு மேலேயே நின்றது. எத்தனையோ வண்டிகளுக்கு கிளஸ்டர் பார்த்தவன், ஒரு விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று போய்ப் பார்த்தது அதுதான் முதல் முறை. தம்பிகளே, ஒரு விளக்கை அணைக்கும் முன் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வாடிக்கையாளர் பேய் என்று சொன்னாலும் போய்ப் பாருங்கள். உங்களுக்கே பயமாக இருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

பானட்டை மூடிவிட்டு, கல்லிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்தேன். இந்த முறை கீழே விழாமல் பொத்தி எடுத்து வந்து, கையை டேஷ்போர்டுக்கு மேலே நீட்டினேன்.

ஏழுமலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க வேணாம் சார். கனெக்டர்ல எறங்கிடும். உங்க நெத்தியில வெச்சிக்கங்க."