சிவப்பு உடைக்காரி கொன்றாளா?

ஜெலாப்பாங் தொழிற்சாலை உணவறையில், உடன் வேலை செய்யும் கவிதாவின் கைப்பேசியில் அந்தச் சண்டை விளையாட்டின் இறுதி இசை ஒலித்தது. நான் நினைவில் சின்ன வயதுச் சுங்காய் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது எங்களிடம் இருந்த அந்த விளையாட்டின் குறுந்தட்டில் முழுக்க ஜப்பானிய எழுத்து. நான் எப்போதும் சிவப்பு உடைக்காரியாகத்தான் ஆடுவேன். கடைசிக் காட்சியில் அவள் தன் அப்பாவின் பிணத்தருகே நிற்பாள். அவள்தான் கொன்றாள் என்றான் அண்ணன். சீனப்பள்ளியில் படித்த பக்கத்து வீட்டு ஆ மெங்கை அழைத்துவந்தோம். ஜப்பானியத்தில் இடையிடையே கலந்திருந்த சீன எழுத்துகளை மட்டும் அவன் படித்தான்: அப்பா, கொலை, மகள்.

"பாத்தியா?" என்றான் அண்ணன்.

"கொன்னவனத் தேடித்தான் மக வந்திருக்கா!" எனக்கு அழுகை வந்துவிட்டது. "இனிமே ஆட மாட்டேன், போ."

ஆட ஆள் வேண்டுமே, அண்ணன் இறங்கிவந்தான். "சரிலா, அவ கொல்லல. வா."

உணவறையில் கவிதா கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தாள். "ரசிகருங்க கண்டுபிடிச்சிட்டாங்க அக்கா, இந்தச் செவப்பு உடைக்காரிதான் அப்பாவக் கொன்னாளாம்."

"எங்க வீட்ல கொல்லல," என்றேன்.